தில்லியின் வரலாற்றுச் சின்னங்களை ஒரே நாளில் தனிக் காரில் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தில்லியில் ஒரு நாள் சுற்றிப்பார்க்கத் தனிக் கார் வேண்டும் என்று எந்த முகவரிடம் கேட்டாலும், பத்துப் பன்னிரண்டு இடங்கள் அடங்கிய பட்டியல் ஒன்று உடனே கைக்கு வரும். குதுப் மினார், தாமரைக் கோயில், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட், ராஜ்காட், செங்கோட்டை, பிர்லா மந்திர், அக்ஷர்தாம் என்று நீளும் அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றினால், நாளின் பெரும்பகுதி வாகன நெரிசலிலேயே கழிந்துவிடும். இறங்கிய இடங்களிலும் வாசலில் நின்று படம் எடுப்பதற்கு மேல் நேரம் இருக்காது. இடங்களின் வரிசையும் ஒவ்வொன்றிலும் தங்கும் நேரமும் நம் கையில் இருக்கின்றன என்பதற்காகத்தான் சுற்றுலாப் பேருந்தை விட்டுத் தனிக் கார் பிடிக்கிறோம். எனவே பட்டியலைப் பாதிக்கும் கீழே குறைப்பதே முதல் வேலை. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, செங்கோட்டை, ஜாமா மசூதி ஆகிய நான்கும் ஒரு நாளுக்குப் போதும். இடையில் லோதி தோட்டத்தில் ஒரு சிறு நிறுத்தம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த நான்கையும் எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்குத் தில்லியின் அமைப்பே விடை சொல்கிறது. நகரின் தென்கோடியில் மெஹ்ரோலியில் இருக்கும் குதுப் வளாகம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்டது. அங்கிருந்து வடக்கே வர வர லோதி அரசர்களின் கல்லறைகள், அதன்பின் 16ஆம் நூற்றாண்டின் ஹுமாயூன் கல்லறை, கடைசியாக 17ஆம் நூற்றாண்டில் ஷாஜகான் கட்டிய ஷாஜகானாபாத் (இன்றைய பழைய தில்லி) என்று, சாலையும் காலமும் ஏறக்குறைய ஒரே திசையில் நகர்கின்றன. தெற்கிலிருந்து வடக்காகச் சென்றால் போன வழியே திரும்பி வரும் அலைச்சலும் இல்லை, வரலாறு முன்னும் பின்னுமாகக் குழம்புவதும் இல்லை.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுத்தல்

திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும், அன்று செங்கோட்டைக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்கு ஜாமா மசூதியில் பெருங்கூட்டம் கூடும் என்பதால் பழைய தில்லியில் அன்றைய பிற்பகல் திட்டங்கள் தடுமாறும். ஞாயிற்றுக்கிழமை சாலைகள் காலியாக இருக்கும், ஆனால் சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். கடைவீதி முக்கியமில்லை என்பவர்களுக்கு அது நல்ல நாளே. மற்றபடி செவ்வாய், புதன், வியாழன், சனி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

மாதத்தைப் பொறுத்தவரை பிப்ரவரியும் மார்ச்சின் முற்பகுதியும் மிகச் சிறந்தவை. டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் மூடுபனி இறங்கினால், காலை ஒன்பது மணிக்குக்கூடக் குதுப் மினாரின் உச்சி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். நவம்பரில் காற்று மாசு கடுமையாக இருக்கும் என்பதால், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. மே, ஜூன் வெயில் 45 டிகிரியைத் தொடும். குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகைகளுக்காக ஜனவரியின் பிற்பகுதியில் இந்தியா கேட்டைச் சுற்றியுள்ள சாலைகள் அடைக்கப்படுவதையும், ஆகஸ்டு 15க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டை பார்வையாளர்களுக்கு மூடப்படுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: காரையும் வழிகாட்டியையும் ஏற்பாடு செய்தல்

தில்லியில் உள்ளூர் வாடகைக்குப் பரவலாக இருப்பது '8 மணி நேரம், 80 கிலோமீட்டர்' என்ற கணக்கு. இந்த வழிகாட்டியில் உள்ள பாதைக்கு அது தாராளமாகப் போதும். குதுப்பிலிருந்து ஹுமாயூன் கல்லறை சுமார் 12 கிலோமீட்டர், அங்கிருந்து செங்கோட்டை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். கவனிக்க வேண்டியது, அந்த எட்டு மணி நேரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதே. பல நிறுவனங்கள் கார் தங்கள் ஷெட்டிலிருந்து கிளம்பும் நேரம் முதல் திரும்பச் சேரும் நேரம் வரை கணக்கிடும். நீங்கள் காரில் ஏறுவதற்கு முன்பே ஒரு மணி நேரமும் இருபது கிலோமீட்டரும் ஓடியிருக்கக்கூடும். எனவே முன்பதிவு செய்யும்போதே, கணக்கு ஷெட்டிலிருந்தா விடுதி வாசலிலிருந்தா, கூடுதல் மணிக்கும் கூடுதல் கிலோமீட்டருக்கும் எவ்வளவு, பார்க்கிங், டோல், ஓட்டுநர் பேட்டா ஆகியவை வாடகையில் அடங்குமா என்ற கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே பதில் வாங்கிவிடுங்கள். வாயால் பேசிய கணக்கு மாலையில் மாறுவது சகஜம். வண்டிக்கு மஞ்சள் நிற எண் பலகை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; வாடகைக்கு ஓட்ட உரிமம் பெற்ற வண்டிக்கு அதுதான் அடையாளம்.

இன்னொரு நிபந்தனையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: எந்தக் கடைக்கும் அழைத்துச் செல்லக் கூடாது. கம்பளம், பஷ்மினா சால்வை, பளிங்குக் கைவினை விற்கும் பெரிய கடைகள் தங்களிடம் ஆள் கொண்டுவரும் ஓட்டுநர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த செய்தி. 'அரசு எம்போரியம், பத்து நிமிடம்தான்' என்று தொடங்கும் பேச்சு ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். முதலிலேயே மரியாதையாக மறுத்துவிட்டால் நாள் முழுவதும் அந்தப் பேச்சு எழாது.

வழிகாட்டி தேவையா என்றால், என் கருத்தில் குதுப்புக்கும் செங்கோட்டைக்கும் கட்டாயம் தேவை, மற்ற இரண்டுக்கும் விருப்பம்போல். நுழைவாயிலில் நம்மை மொய்க்கும் எல்லோரும் உரிமம் பெற்றவர்கள் அல்லர். மத்திய சுற்றுலா அமைச்சகமோ தொல்லியல் துறையோ வழங்கிய அடையாள அட்டையைக் கழுத்தில் அணிந்தவரையே அமர்த்த வேண்டும். தமிழ் பேசும் வழிகாட்டிகள் தில்லியில் இருக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கை குறைவு. சில வாரங்களுக்கு முன்பே சொல்லி வைத்தால்தான் கிடைப்பார்கள்.

மூன்றாம் படி: நுழைவுச்சீட்டு

இந்தியத் தொல்லியல் துறையின் நிர்வாகத்தில் உள்ள இடங்களுக்கு இணையத்தில் முன்கூட்டியே சீட்டு எடுத்துவிடுவது நல்லது. 2018ஆம் ஆண்டுக் கட்டண மாற்றத்தின்படி குதுப், ஹுமாயூன் கல்லறை போன்ற உலக மரபுச் சின்னங்களுக்கு இந்தியர்களுக்கு 40 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாயும் விதிக்கப்பட்டன. இணையத்தில் எடுத்தால் முறையே 35 ரூபாய், 550 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. செங்கோட்டையில் உள்ளே இருக்கும் அருங்காட்சியகங்களையும் பார்ப்பதற்கான சீட்டு தனி.

வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியர்களுக்கான கட்டணமே பொருந்தும் என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டவர் வரிசையில் நின்று 600 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அதே சலுகை உண்டு. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு முழுக் கட்டணம்தான். கடவுச்சீட்டையோ அட்டையையோ கையில் வைத்திருக்க வேண்டும்; கைப்பேசியில் உள்ள படத்தை வாயிற்காவலர் ஏற்பார் என்று நம்பிச் செல்லக் கூடாது.

நான்காம் படி: காலை ஏழரை மணி, குதுப் வளாகம்

செங்கோட்டை ஒன்பதரை மணிக்குத்தான் திறக்கும், குதுப் வளாகமோ சூரிய உதயத்திலேயே திறந்துவிடும். ஆகவே விடுதியிலிருந்து ஆறரை, ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் சாலையும் காலியாக இருக்கும், வளாகமும் அமைதியாக இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும்.

மினாரின் உயரம் 72.5 மீட்டர். தில்லி சுல்தான் குத்புத்தீன் ஐபக் தொடங்கினார், அவருக்குப்பின் இல்துத்மிஷ் மேல் அடுக்குகளை எழுப்பினார், இடி விழுந்து சிதைந்த உச்சியை 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் திருத்திக் கட்டினார். சிவப்பு மணற்கல் அடுக்குகளுக்கு மேலே பளிங்கு கலந்து தெரியும் பகுதி ஃபிரோஸ் ஷாவின் கைவேலை. உள்ளே 379 படிகள் உண்டு, ஆனால் 1981இல் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் பள்ளிக் குழந்தைகள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் மேலே ஏற யாரையும் அனுமதிப்பதில்லை. காசு கொடுத்தால் ஏற்றிவிடுவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெரும்பாலானோர் மினாரை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதன் காலடியில் உள்ள குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் தூண்களுக்குக் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இருபத்தேழு இந்து, சமணக் கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அதன் வாயிற் கல்வெட்டே கூறுகிறது. தூண்களை நெருங்கிப் பார்த்தால், சங்கிலியில் தொங்கும் மணியும் பூரண கும்பமும் தோரணமும் அப்படியே இருக்கின்றன. உருவங்களின் முகங்கள் மட்டும் கொத்தப்பட்டிருக்கின்றன. கூரைக்குப் போதிய உயரம் வேண்டும் என்பதற்காக ஒரு கோயில் தூணின் மேல் இன்னொரு கோயில் தூணை ஏற்றி வைத்திருப்பதும், இரண்டின் வேலைப்பாடும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதும், இடையே உள்ள இணைப்பைப் பார்த்தால் தெரியும்.

அடுத்து, மசூதியின் முன் நிற்கும் உயர்ந்த வளைவுகளைக் கவனியுங்கள். அவை பார்வைக்கு வளைவுகள், கட்டுமானத்தில் அல்ல. உள்ளூர்க் கல்தச்சர்கள் தங்களுக்குப் பழக்கமான முறையில் கற்களைக் கிடையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் சற்று முன்தள்ளி, உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். சில நூறு அடி தள்ளி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜி 1311இல் கட்டிய அலாய் தர்வாசா என்ற நுழைவாயிலுக்குச் சென்றால், ஆப்பு வடிவக் கற்களைப் பொருத்திக் கட்டிய உண்மையான வளைவைக் காணலாம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் நடந்த இந்தத் தொழில்நுட்ப மாற்றத்தைத் தில்லியில் வேறெங்கும் இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடியாது. அதே 1311இல்தான் அலாவுத்தீனின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை படையெடுத்துச் சென்று பாண்டிய நாட்டுச் செல்வத்துடன் தில்லி திரும்பினார். குதுப்பைவிட இருமடங்கு உயரமாகக் கட்டத் திட்டமிட்டு அலாவுத்தீன் தொடங்கிய அலாய் மினார், அவர் 1316இல் இறந்ததும் முதல் அடுக்கோடு நின்றுபோய், இன்று கரடுமுரடான கற்குவியலாக வடக்கே நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பாண்டியர் வீழ்ச்சியின் மறுபக்கத்தை நேரில் பார்க்கும் இடம் இது. வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை.

முற்றத்தில் உள்ள இரும்புத் தூண், குப்தப் பேரரசர் இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தது என்று அறிஞர்கள் கருதும் ஒன்று. 7 மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. பதினாறு நூற்றாண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அது ஏன் துருப்பிடித்து உதிரவில்லை என்பதை, கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்தார். பழைய உருக்கு முறையில் இரும்பில் தங்கிவிட்ட அதிக பாஸ்பரஸ், மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கியதே காரணம் என்பது அவர் முடிவு. தூணைக் கட்டிப்பிடித்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை இருந்ததால், தேய்மானத்தைத் தடுக்க 1997இல் வேலி போட்டுவிட்டார்கள்.

புல்வெளியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு மண்டபத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். 1828இல் ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தன் விருப்பப்படி குதுப் மினாரின் உச்சியில் அதை வைத்தார். 'இது அங்கே பொருந்தவில்லை' என்று இருபது ஆண்டுகள் கழித்துக் கீழே இறக்கிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு சரிதான் என்பது அதைப் பார்த்தவுடன் விளங்கும்.

ஐந்தாம் படி: லோதி தோட்டம் வழியாக ஹுமாயூன் கல்லறை

ஒன்பதேகால் மணிக்குக் கிளம்பினால் அலுவலக நேர நெரிசல், முக்கால் மணி நேரமாவது ஆகும். வழியில் லோதி தோட்டத்தில் அரை மணி நேரம் நடக்கலாம். கட்டணமில்லை, கழிப்பறையும் நிழலும் உண்டு. சையித் வம்ச சுல்தான் முகமது ஷாவின் எண்கோணக் கல்லறையை மட்டும் பார்த்தால் போதும். அடுத்து வரும் பெரிய கட்டடத்துக்கு அது ஒரு முன்னோட்டம்.

ஹுமாயூன் 1556 ஜனவரியில் தில்லியின் பழைய கோட்டையான புராணா கிலாவின் நூலகப் படிகளில் தவறி விழுந்து இறந்தார். கல்லறையைக் கட்டுவித்தவர் அவருடைய மனைவி பேகா பேகம். பாரசீகக் கட்டடக் கலைஞர் மீராக் மிர்சா கியாஸ் வடிவமைத்த இந்தக் கட்டடம் 1570களின் தொடக்கத்தில் முடிந்தது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பின் தொடங்கிய தாஜ்மகாலின் அடிப்படைத் திட்டத்தை இங்கேயே காணலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆயினும் தாஜ்மகாலின் கூட்டத்தில் கிடைக்காத நிதானம் இங்கே கிடைக்கிறது என்பது என் பார்வையில் அதைவிட முக்கியம்.

நுழைந்ததும் வலப்புறம் உள்ள ஈசா கான் கல்லறையை முதலில் பார்த்துவிடுங்கள். 1547ஐச் சேர்ந்த அந்த எண்கோணக் கட்டடம் ஹுமாயூன் கல்லறைக்கும் மூத்தது, திரும்பி வரும்போது கால் வலியில் அதை விட்டுவிடுவது வழக்கம். பிறகு நீர்க்கால்வாய்களால் நான்காகப் பிரிக்கப்பட்ட தோட்டத்தின் நடுவே நேராக நடந்து, உயரமான படிகளில் ஏற வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு இந்தப் படிகள் கடினம், அவர்கள் தோட்டத்திலேயே அமரலாம். மேலே மைய அறையில் தெரியும் வெள்ளைப் பளிங்குக் கல் அடையாளம் மட்டுமே. உடல் கீழ்த்தளத்தில் புதைக்கப்பட்டிருக்கிறது. கல் சல்லடைகள் வழியாக வரும் வெயில் அந்த அறையின் தரையில் அறுகோணப் புள்ளிகளாக விழும் நேரம் முற்பகல், நம் பயணத் திட்டம் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. சுற்றியுள்ள அறைகளிலும் மேடையிலுமாக முகலாயக் குடும்பத்தினர் நூற்றுக்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் உள்ளன.

1857 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை தில்லியைக் கைப்பற்றியபோது, கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜபர் செங்கோட்டையை விட்டு வெளியேறித் தன் மூதாதையின் இந்தக் கல்லறையில்தான் தஞ்சம் புகுந்தார். இங்கேதான் ஹட்சன் என்ற அதிகாரியிடம் சரணடைந்தார். அவரை மறுபடியும் செங்கோட்டைக்குக் கொண்டுபோய் அங்கேயே விசாரித்து, ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். நம் கார் அடுத்துச் செல்லும் திசையும் அதுவே.

ஆறாம் படி: மதிய உணவும் புது தில்லியும்

பன்னிரண்டரைக்குள் கிளம்பி இந்தியா கேட் பக்கம் வந்துவிடலாம். அருகே பண்டாரா சாலைக் கடைவரிசையில் வட இந்திய உணவு சிறப்பாக இருக்கும். சோறும் சாம்பாரும் ரசமும் இல்லாமல் மதியம் கழியாதவர்களுக்கு ஆந்திர பவன் உணவகம் இருக்கிறது; வரிசை நீளமானது, காரம் குறைவில்லாதது.

1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, இருபது ஆண்டுகளில் எழுந்த புது தில்லியை இந்த ஒரு நாளில் காரின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும். 42 மீட்டர் உயர இந்தியா கேட்டும், கர்த்தவ்ய பாதையின் மறுகோடியில் குடியரசுத் தலைவர் மாளிகையும் போகிற போக்கிலேயே தெரியும். இறங்கினால் முக்கால் மணி நேரம் போய்விடும், அதைச் செங்கோட்டைக்கு மிச்சம் வைப்பது நல்லது.

ஏழாம் படி: செங்கோட்டை

இரண்டு மணியளவில் செங்கோட்டைக்கு எதிரே இறங்கிக்கொண்டு காரை அங்கேயே விடுவித்துவிடலாம். சாந்தினி சௌக் பிரதான சாலையில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால், இதன் பிறகு கார் நமக்குப் பயன்படாது. எட்டு மணி நேரக் கணக்கும் இத்துடன் ஒட்டிவிடும். ஓட்டுநர் நீட்டும் பயணத் தாளில் கையெழுத்திடுமுன், தொடக்க, முடிவுக் கிலோமீட்டர்களையும் நேரத்தையும் வண்டியின் மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் உடன் இருந்தால் காரை வாகன நிறுத்துமிடத்தில் காத்திருக்கச் சொல்லிக் கூடுதல் மணிக் கட்டணத்தைக் கொடுத்துவிடுவதே சரி. 'இன்று கோட்டை மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்' என்று வெளியே யாராவது சொன்னால், பதில் சொல்லாமல் சீட்டுச் சாளரம் வரை நடந்துவிடுங்கள்.

ஷாஜகான் ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்ற முடிவெடுத்து 1639இல் தொடங்கிய கோட்டை 1648இல் நிறைவடைந்தது. லாகூர் வாயிலில் நுழைந்து, கூரையிட்ட கடைத்தெருவைக் கடந்து, நௌபத் கானா (முரசு மண்டபம்), திவானே ஆம் (பொது அவை மண்டபம்), திவானே காஸ் (தனி அவை மண்டபம்) என்று நேர்கோட்டில் செல்ல வேண்டும். பொருந்தாத இடங்களில் பெரும் வெற்றுப் புல்வெளிகளும், அவற்றுக்கருகே முரட்டுத்தனமான பல மாடிப் படைவீடுகளும் தெரியும். 1857க்குப் பின் ஆங்கிலேயர் அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிப் படைவீடுகள் கட்டியதன் அடையாளம் அது. இன்று நிற்பது மிச்சம்தான் என்பதை மனத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் கோட்டை ஏமாற்றமாகவே தோன்றும். ஷாஜகானின் மயிலாசனம் 1739இல் படையெடுத்து வந்த பாரசீக அரசர் நாதிர் ஷாவுடன் போய்விட்டது. திவானே காஸின் பளிங்குத் தூண்களில் பூவேலைப்பாடு இன்னும் இருக்கிறது, 'பூமியில் சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அது இதுவே' என்ற பாரசீக வரிகளும் சுவரில் இருக்கின்றன. பகதூர் ஷாவை 1858இல் விசாரித்ததும் அதே மண்டபத்தில்தான்.

ஆங்கிலேயர் கட்டிய அந்தப் படைவீடுகள் சிலவற்றில் 2019 முதல் அருங்காட்சியகங்கள் இயங்குகின்றன. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நேதாஜி, இந்திய தேசிய ராணுவ அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுங்கள். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து திரளான தமிழர்கள் சேர்ந்த படை அது. அதன் அதிகாரிகள் மீதான விசாரணை 1945இல் இந்தக் கோட்டைக்குள்தான் நடந்தது. இரண்டே ஆண்டுகளில், 1947 ஆகஸ்டு 16 அன்று, நேரு இதே கோட்டையில் தேசியக் கொடியை ஏற்றினார்.

எட்டாம் படி: ஜாமா மசூதியும் சாந்தினி சௌக்கும்

செங்கோட்டையிலிருந்து ஜாமா மசூதிக்கு நடந்தே போகலாம், முடியாதவர்களுக்கு சைக்கிள் ரிக்ஷா. ஏறுவதற்கு முன், தொகை ஒருவருக்கா வண்டிக்கா, போகவா போய்வரவா என்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். 1656இல் முடிந்த இந்த மசூதியின் முற்றத்தில் ஒரே நேரத்தில் 25,000 பேர் தொழலாம். தொழுகை நேரங்களில் மற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள். பிற்பகல் தொழுகையில் மாட்டிக்கொண்டால் கிழக்குப் படிகளில் உட்கார்ந்து காத்திருக்கலாம், செங்கோட்டையின் சுவர் அங்கிருந்து முழுதாகத் தெரியும். கை, கால்களை மூடும் ஆடை வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் ஒரு ஜோடிக் காலுறை எடுத்துச் செல்லுங்கள், ஏப்ரலுக்கு மேல் அந்தச் செங்கல் நிற மணற்கல் தரை பாதத்தைச் சுட்டுவிடும். கோபுரத்தில் ஏறத் தனிக் கட்டணம் உண்டு, படிகள் குறுகலானவை.

மாலையில் சாந்தினி சௌக் வழியாக மேற்கே நடக்கும்போது, சமணரின் லால் மந்திரும், சீக்கிய குரு தேக் பகதூர் 1675இல் கொல்லப்பட்ட இடத்தில் எழுந்த சீஸ் கஞ்ச் குருத்வாராவும், கடைசியில் ஃபதேபுரி மசூதியும் அடுத்தடுத்து வரும். மசூதிக்குப் பின்னால் உள்ள காரி பாவ்லி மசாலாச் சந்தையில் மிளகாய் மூட்டைகளின் நெடி தும்மலை வரவழைக்கும், கைக்குட்டை தயாராக இருக்கட்டும். பணப்பையை முன் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்கு மெட்ரோதான் சிறந்தது. கரோல் பாக் செல்பவர்கள் சாந்தினி சௌக் நிலையத்தில் மஞ்சள் பாதையில் ஏறி ராஜீவ் சௌக்கில் நீலப் பாதைக்கு மாற வேண்டும்; ராஜீவ் சௌக்கிலேயே தங்கியிருப்பவர்களுக்கு மாறும் வேலையும் இல்லை. ஆறு மணி முதல் எட்டு மணி வரை பெட்டிகளில் நிற்க இடம் கிடைப்பதே அரிது, பெண்களுக்கு மட்டும் ஒதுக்கிய பெட்டியில் ஓரளவு பரவாயில்லை. குடும்பமாக வந்தவர்கள் சாந்தினி சௌக்கிலேயே சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கு மேல் ஏறலாம்.